கண்ணகியின் வழக்கும் திரைப்படத்தின் தீயும்

(மயிலிட்டியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காணியையும் கடலையும் பற்றிப் பேசவேண்டிய மயிலிட்டி மண்ணில் நின்று சினிமாவைப் பற்றிப் பேசப் புகுந்தோமே, இஃது என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால் தமிழரைப் பொறுத்தவரையில் சினிமா ஒருநாளும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டு முதலமைச்சரான அறிஞர் அண்ணா திரைக்கதை வசனம் எழுதியவர். 1969இல் அவருக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற கலைஞர் கருணாநிதியும் வசனகர்த்தாவே. 1977இல் முதலமைச்சரான எம். ஜி. ஆரும், 1991இல் முதலமைச்சரான ஜெயலலிதாவும் திரையிலிருந்து வந்தோர். மேடையிலே முழங்கும் தமிழும், யார் வீரன் யார் துரோகி என்னும் கணக்கும் நமக்குத் திரை வழியாக எவ்வளவோ வந்து சேர்ந்திருக்கின்றன. வின்சரிலும் வெலிங்டனிலும் ராஜாவிலும் வரிசையில் நின்று படம் பார்த்த தலைமுறை போய், கைத்தொலைபேசியிலே படம் பார்க்கும் தலைமுறை வந்துவிட்டது. பார்க்கும் கருவி மாறியதேயன்றிப் பாடம் கற்கும் பழக்கம் மாறவில்லை.

அந்தப் பாடங்களுள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கின்றோம். அநீதிக்கு ஆளான பெண் சினங்கொண்டு பழிவாங்கப் புறப்பட்டால், திரைப்படம் அவளை எவ்வாறு காட்டுகின்றது? அவளைத் தெய்வம் என்று கும்பிடுகின்றதா, பேய் என்று ஓட்டுகின்றதா, அல்லது ஒரு மனிதப் பிறவியாக எண்ணி அவள் சொல்வதைக் கேட்கின்றதா? இக்கேள்விக்கு விடை தேடினால், நம் வீட்டுப் பெண்களின் சினத்தை நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பதும் தெரியவரும்.

பழிவாங்கிய பெண் என்றதும் தமிழன் நாவில் முதலில் வரும் பெயர் கண்ணகி. மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள் என்று சிறுபிள்ளையும் சொல்லும். ஆனால் தீ மூட்டுவதற்கு முன் அவள் என்ன செய்தாள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவள் அரண்மனை வாயிலுக்குச் சென்றாள். வாயிற்காவலனிடம் தான் வந்த செய்தியைச் சொல்லி அனுப்பினாள். மன்னன் முன் நின்று தன் ஊரையும் பெயரையும் கூறினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்பது மன்னன் வாயாலேயே வெளிவந்தது. அதன்பின் சிலம்பை உடைத்துக் காட்டினாள். இளங்கோவடிகள் அந்தப் பகுதிக்கு வழக்குரை காதை என்றே பெயரிட்டார்.

நம்முடைய கமக்காரர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அயலவன் இரவோடிரவாக வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டால் நாம் என்ன செய்கின்றோம்? நொத்தாரிசு எழுதிய உறுதியைத் தேடி எடுக்கின்றோம், தோம்பைப் பார்க்கின்றோம், அப்புக்காத்தரிடம் போகின்றோம். கண்ணகிக்குச் சிலம்பே உறுதி. உறுதியோடு வந்த வழக்காளி அவள். அவ்வழக்கிலே அவள் வென்றாள். மன்னன் தன் பிழையை ஒப்பி அந்த இடத்திலேயே உயிர் நீத்தான். தீ அதற்குப் பின் வந்தது. அந்தத் தீக்கும் அவள் வரம்பு விதித்தாள். அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுத் தீயோரையே சேருமாறு தீக்கடவுளை ஏவினாள்.

ஈழத்துத் தமிழர் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தனர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் காவியத்துக்குக் கண்ணகி வழக்குரை என்று பெயர். எரித்த கதை என்றோ பழிவாங்கிய கதை என்றோ அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வழக்கு முழுவதையும் பாடிக் கேட்ட பின்னரே குளிர்த்திச் சடங்கு நடைபெறும். கொதித்து வந்தவளின் உள்ளத்தை ஊர் கூடி நின்று குளிர்விக்கும். முதலிலே கேட்பது, பின்னர் குளிர்விப்பது. இந்த ஒழுங்கை உங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். யாழ்ப்பாணத்திலோ 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். கண்ணகை அம்மன் கோயில்கள் பல பிற்காலத்தில் வேறு அம்மன்களின் பெயரை ஏற்றன. சமய நெறி பற்றிய அந்த விவாதத்துள் நாம் இன்று புகவில்லை. வழக்காடிய பெண்ணொருத்தியின் பெயர் நம் குடாநாட்டின் பல கோயில்களில் மங்கிப்போயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றோம்.

இனித் திரைக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஜூபிடர் நிறுவனத்தார் எடுத்த கண்ணகி படத்தில் பி. கண்ணாம்பா கண்ணகியாக நடித்தார். இளங்கோவன் எழுதிய வசனத்தை அவர் பேசிய திறத்தைப் பழைய தலைமுறையினர் நெடுங்காலம் சொல்லிச் சொல்லி வியந்தனர். 1964இல் வந்த பூம்புகார் படத்துக்குக் கருணாநிதி வசனம் எழுதினார். விஜயகுமாரி கண்ணகியாக நடித்தார். அரசவையில் ஒரு பெண் நின்று மன்னனைக் கேள்வி கேட்கும் காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்ற பெருமை இப்படங்களுக்கு உண்டு. பேசத் தெரிந்த பெண்ணைத் தமிழ்த் திரை அன்று மதித்தது. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையிலே கையிற் சிலம்பேந்திய கண்ணகியின் சிலையும் எழுந்தது. 2001இல் அச்சிலை அகற்றப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கண்ணகியின் சினத்துக்குத் திரையும் மேடையும் அனுமதி வழங்கியமைக்குக் காரணம், அது கணவனுக்காக எழுந்த சினம் என்பதே. கோவலன் அவளை விட்டு மாதவியிடம் சென்றிருந்த நாள்களில் அவளுக்குச் சினம் எழுந்திருந்தால் நாம் அவளுக்குச் சிலை எடுத்திருப்போமா? எடுத்திருக்க மாட்டோம். தனக்கு இழைக்கப்பட்டதைப் பொறுத்தவள், கணவனுக்கு இழைக்கப்பட்டதைப் பொறுக்கவில்லை. அதனால் பத்தினி என்றோம். பெண்ணின் கோபத்துக்கும் ஓர் ஆணின் கையொப்பம் வேண்டியிருக்கின்றது.

கையொப்பம் என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னோம். நம் தேசவழமையோடு சேர்த்து வாசிக்கப்படும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசொத்துரிமைக் கட்டளைச் சட்டத்தை அப்புக்காத்துமார் அறிவர். மணமான பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்று அச்சட்டம் விதித்தது. கணவன் எங்கிருக்கின்றான் என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் வாயிலில் அவள் நிற்கவேண்டும். போரிலே கணவன் காணாமற்போன எத்தனை பெண்களுக்கு இந்த ஏற்பாடு எத்தகைய சுமையாயிற்று என்பதை விளக்கவேண்டியதில்லை. காணியை விற்க ஆண் கையொப்பம். கோபப்படவும் ஆண் கையொப்பம். சட்டப் புத்தகமும் சினிமாவும் ஒரே மையைத் தொட்டு எழுதியிருக்கின்றன.

சரி, ஆணின் கையொப்பம் இன்றித் தன் பொருட்டே சினங்கொண்ட பெண்ணைத் திரைப்படம் என்ன செய்தது? கே. எஸ். ரவிகுமார் இயக்கி 1999இல் வெளிவந்த படையப்பா படத்து நீலாம்பரியைப் பாருங்கள். ரம்யா கிருஷ்ணன் நடித்த அந்தப் பாத்திரத்தை அறியாத தமிழர் இல்லை. தான் விரும்பியவன் வீட்டுப் பணிப்பெண்ணை மணக்கின்றான் என்றறிந்து 18 ஆண்டுகள் ஓர் அறையில் அடைந்து கிடக்கின்றாள். பின்னர் பழிவாங்க வருகின்றாள். தோற்றுத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். அவள் நல்லவள் என்று நாம் வாதிட வரவில்லை. பணிப்பெண்ணை அவள் கொடுமைப்படுத்தினாள்; அது செல்வச் செருக்கின் குற்றம், தண்டிக்கத்தக்க குற்றம். ஆனால் படம் அக்குற்றத்தைப் பணக்காரத் திமிரின் கணக்கில் எழுதவில்லை. பெண்ணுக்குக் கோபமும் ஆசையும் மிகுந்தால் இதுதான் கதி என்று பெண்மையின் கணக்கில் எழுதியது. அடங்கிய பெண்ணே பெண் என்று கதாநாயகன் வாயால் உபதேசமும் செய்தது. கொட்டகை கைதட்டியது.

ஆணின் பழிக்கு என்ன கணக்கு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மணிரத்தினம் இயக்கிய நாயகன் படம் 1987இல் வந்தது. தன் வளர்ப்புத் தந்தையைக் கொன்ற காவல் அதிகாரியைக் கொல்லும் வேலுவை ஊர் தலைவன் என்று கொண்டாடுகின்றது. அவன் செய்தது சரியா தவறா என்று படம் முழுவதும் கேட்கப்படுகின்றது. ஆண் என்பதனாலேயே அவ்வாறு செய்தான் என்று எவரும் சொல்வதில்லை. ஆண் சினங்கொண்டால் அதற்குக் காரணம் தேடுகின்றோம். பெண் சினங்கொண்டால் அவள் குணத்தைத் தேடுகின்றோம். பெண்ணுரிமை நோக்கிலே திரைப்படத்தைப் பார்க்கவேண்டும் என்போர் சொல்வதும் இதுவே. பெண்ணை நல்லவளாகவே காட்டுக என்று அவர்கள் கேட்கவில்லை. அவள் செயலுக்கும் காரண காரியம் உண்டு என்று ஏற்றுக்கொள்க என்றே கேட்கின்றனர்.

மூன்றாவது வகை, பேயாக வரும் பெண். உயிரோடிருக்கும்போது வாய் திறக்க முடியாதவள் செத்த பின்னர்தான் பழி கேட்க வருவாள் என்பது நம் சினிமாவின் நெடுங்கால விதி. 1993இல் மலையாளத்தில் பாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழ் என்ற படமே பின்னர் பி. வாசு இயக்கத்தில் 2005இல் சந்திரமுகி என்று தமிழில் வந்தது. ஆடல் மகள் ஒருத்தியை அதிகாரம் படைத்தவன் கவர்ந்து வந்து, அவள் காதலனைக் கொன்று, அவளையும் கொன்றுவிடுகின்றான். அவள் சினம் பல தலைமுறைகளுக்குப் பின் ஓர் இல்லத்தரசியின் மனத்திலே குடிகொள்கின்றது. மலையாள மூலத்தில் அந்த ஆடல் மகள் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண் என்பது நாம் கவனிக்கவேண்டிய செய்தி. கேரளத்து மாளிகையில் நீதி கேட்டு அலையும் ஆவி தமிழ் பேசுகின்றது!

அவளுக்கு என்ன தீர்ப்புக் கிடைத்தது? கொடியவனுக்குப் பதில் ஒரு பொம்மையை அவள் முன் வைத்தனர். பொம்மையை அழித்ததும் பழி தீர்ந்தது என்று நம்பி அவள் போய்விட்டாள். இல்லத்தரசி குணமடைந்து கணவனிடம் திரும்பினாள். மருத்துவ முறையில் அது சரியா என்பதை மனநல வைத்தியர்கள் சொல்லட்டும். நாம் சொல்வது வேறு. நீதி கேட்டு வந்தவளுக்குப் பொம்மையைக் கொடுத்து அனுப்பும் வித்தை இலங்கைத் தமிழருக்குப் புதிதன்று. 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. 2018இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. தாய்மார் ஒவ்வொன்றின் முன்னும் சென்று புகைப்படத்தை நீட்டிச் சாட்சியம் சொன்னார்கள். தம் பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்றே அவர்கள் கூறி வருகின்றனர். கேட்டதுபோல் நடித்து ஆளை அனுப்பிவிடுவதற்கு எத்தனையோ அழகிய பெயர்கள் உண்டு.

நான்காவது வகையே மிகவும் சிக்கலானது. வன்கொடுமைக்கு ஆளான பெண் ஆயுதம் எடுக்கும் கதை அது. 1994இல் சேகர் கபூர் இயக்கிய பாண்டிட் குயீன் என்னும் இந்திப் படம் உலகப் புகழ் பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் பிற்படுத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த பூலான் தேவியின் வாழ்க்கையை அது காட்டியது. 1981 பெப்ரவரியில் பெஹ்மாய் என்ற ஊரில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்ச்சிக்காக அவர் தேடப்பட்டார். தாம் சுடவில்லை என்று மறுத்தார். 1983இல் சரணடைந்து, 11 ஆண்டுகள் சிறையிலிருந்து, 1994இல் விடுதலையானார். அவர் உயிரோடிருக்கையிலேயே அவருக்கு நேர்ந்த வன்கொடுமைகளை நடிகையைக் கொண்டு திரையிலே காட்டினர். அப்படத்தை நிறுத்தக் கோரிப் பூலான் தேவி டில்லி நீதிமன்றத்துக்குச் சென்றார். உயிரோடுள்ள பெண்ணொருத்தியின் வன்கொடுமையை அவள் இசைவின்றி மீண்டும் நடத்திக் காட்ட எவருக்கு உரிமை உண்டு என்று எழுத்தாளர் அருந்ததி ராய் அப்போது கடுமையாகக் கேட்டார். வழக்குப் பின்னர் உடன்பாட்டில் முடிந்தது.

இதன் உட்பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். அப்பெண்ணின் பழியைப் படம் போற்றியது. அவள் பேச்சை ஏற்கவில்லை. திரையில் அவள் துப்பாக்கியோடு நிற்கையில் உலகம் கைதட்டியது. நீதிமன்றத்தில் மனுவோடு நிற்கையில் முகம் சுளித்தது. அந்தப் பூலான் தேவி 1996இல் மிர்சாப்பூர்த் தொகுதியிலிருந்து இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2001 ஜூலையில் டில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குக் கேட்டு வென்ற பூலான் தேவி எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றார்? துப்பாக்கி ஏந்தியவரே நினைவில் நிற்கின்றார். படம் நமக்கு எதை மனனம் செய்வித்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இவ்வகைப் படங்கள் தமிழிலும் வந்தன. மலையாளத்தில் 2012இல் வெளிவந்த ஒரு கதையைத் தழுவி ஸ்ரீபிரியா 2014இல் மாலினி 22 பாளையங்கோட்டை என்ற படத்தை இயக்கினார். வஞ்சிக்கப்பட்ட தாதி ஒருத்தி தானே தண்டனை வழங்குகின்றாள். 2022இல் அருண் மாதேஸ்வரன் இயக்கிய சாணிக் காயிதம் படத்தில் கீர்த்தி சுரேஷ் நடித்த பொன்னி, தன் குடும்பத்தை அழித்தோரை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று பழி தீர்க்கின்றாள். இப்படங்களைப் பார்த்த பெண்களுட் பலர், ஒருத்தியாவது திருப்பி அடித்தாளே என்று நெஞ்சு ஆறியதாகச் சொல்வதுண்டு. அதை நாம் இகழவில்லை. பேருந்திலும் வேலைத்தலத்திலும் வீட்டிலும் வாய்மூடிச் சகித்தவளுக்கு அந்த இரண்டரை மணி நேரம் ஓர் ஆறுதல். ஆறுதல் தேவையில்லை என்று சொல்ல, சகிக்கவேண்டிய நிலையில் இல்லாத நாம் யார்?

ஆனால் இரண்டு கேடுகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, சினங்கொள்ள உரிமை பெறுவதற்கு அவள் முதலில் உடலாலே சிதைக்கப்படவேண்டும் என்று இக்கதைகள் விலை வைக்கின்றன. கூலி மறுக்கப்பட்டவள், படிப்பு நிறுத்தப்பட்டவள், காணி பறிக்கப்பட்டவள் ஆகியோரின் சினம் திரைக்குப் போதவில்லை. இரண்டாவது, அவள் கையிற் கத்தியைக் கொடுத்துவிட்டால் பொலிசும் நீதிமன்றமும் ஊர்ப் பெரியோரும் தப்பிவிடுகின்றனர். அவள்தான் பழி தீர்த்துக்கொண்டாளே, இனி நமக்கென்ன என்று வீடு திரும்பலாம். தனியொருத்தியின் பழி, ஊரின் பொறுப்பைக் கழுவிவிடுகின்றது.

அப்படியாயின் பெண்ணின் வழக்கைக் கேட்ட படமே தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1984இல் வந்த விதி படத்தை மூத்தோர் நினைவுகூர்வர். ஏமாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் பெண்ணுக்காகச் சுஜாதா நடித்த வழக்கறிஞர் வாதாடுவார். அப்படத்தின் வசன ஒலிநாடா பாட்டு நாடாவைப்போல் விற்பனையாகி, தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலித்தது. பெண்ணொருத்தியின் வாதத்தைத் தமிழர் காசு கொடுத்து வாங்கிக் கேட்டனர் என்பது சிறிய செய்தியன்று. 2017இல் வெளிவந்த அருவி படத்திலே நோயுற்று ஒதுக்கப்பட்ட பெண் தொலைக்காட்சி நிகழ்ச்சி மேடையில் தன்னைத் துன்புறுத்தியோரை நிறுத்துகின்றாள். அவள் கேட்டது அவர்களின் உயிரை அன்று, மன்னிப்பை. 2022இல் கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய கார்கி இன்னும் ஒரு படி மேலே சென்றது. சிறுமியொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையிற் குற்றஞ்சாட்டப்பட்ட தந்தையை மீட்கப் போராடும் மகளாகச் சாய் பல்லவி நடித்தார். தந்தை குற்றவாளியே என்று உணர்ந்ததும் அம்மகள் இரத்த உறவைத் தள்ளி, அச்சிறுமியின் வழக்கின் பக்கம் நிற்கின்றாள். அங்கே கத்தி இல்லை, தீ இல்லை, பேய் இல்லை. ஆயினும் அந்த முடிவைக் கண்டு நடுங்காத நெஞ்சில்லை.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். பழிவாங்கும் பெண் பற்றி இவ்வளவு படங்கள் இருக்க, யாழ்ப்பாணத்து வாழ்வை உண்மையாய்ச் சொன்ன படமான பொன்மணியில் நடப்பது என்ன? 1977இல் தர்மசேன பத்திராஜா இயக்கி, காவலூர் இராசதுரை எழுதிய அப்படத்தில், சாதி கடந்து ஒருவனை விரும்பிச் சென்ற பெண் கொல்லப்படுகின்றாள். இங்கே பழி வாங்கியது பெண் அல்லள். மானம் என்னும் பெயரால் பெண்மீது வாங்கப்பட்ட பழி அது. பழிவாங்கும் பெண்ணைப் பார்த்துத் திரையரங்கிலே அஞ்சும் நாம், பெண்மீது பழிவாங்கும் குடும்பத்தை ஊரிலே கண்டு அஞ்சினோமா? அப்படம் அன்று ஓடவில்லை. நம் முகத்தைக் கண்ணாடியிற் பார்க்க நமக்கு விருப்பமில்லை.

நம் பெண்கள் பழிவாங்கியவர்கள் அல்லர், வழக்காடியவர்கள். 1996இல் செம்மணிச் சோதனைச் சாவடியில் பாடசாலை மாணவி ஒருத்தியும், அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்ட வழக்கிலே, 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதித்தது. செம்மணிப் புதைகுழிகள் பற்றிய செய்தி அந்த வழக்கு மன்றத்திலேயே வெளிவந்தது. வழக்கொன்று தொடரப்படாதிருந்தால் அந்த மண் வாய் திறந்திராது. 2015இல் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணமே கொதித்தெழுந்தது. கொலையாளிகளை மக்களிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. மூன்று நீதிபதிகள் அடங்கிய மன்று விசாரித்து 2017இல் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. மரண தண்டனை சரியா என்ற கேள்வி வேறு. ஊர் கூடித் தீர்த்துக்கட்டியிருந்தால் உண்மை அத்தனையும் வெளிவந்திருக்குமா என்பதே நம் கேள்வி.

2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். வெயிலிலும் மழையிலும் தெருவோரத்தில் அமர்ந்த அந்தத் தாய்மாருள் பலர் விடை காணாமலே இறந்துபோயினர். அவர்கள் எவரையும் எரிக்கவில்லை. கையிற் சிலம்புக்குப் பதிலாகப் பிள்ளையின் புகைப்படத்தை ஏந்தினர். நம் அரசியல் மேடைகள் அவர்களை வீரத்தாய் என்று போற்றி மாலையிட்டன. ஆனால் எத்தனை கட்சிகளின் மத்திய குழுவிலே அவர்களுக்கு ஓர் ஆசனம் இருந்தது? தாயின் சினம் மேடைக்கு வேண்டும், தாயின் சொல் தீர்மானத்துக்கு வேண்டாம் என்றால், திரைப்படத்தைக் குறை கூற நமக்கு என்ன தகுதி?

மயிலிட்டி மக்களாகிய உங்களுக்கு இது ஊர்க் கதை. 1990இல் இவ்வூர் முழுவதும் பெயர்ந்தது. 2013இல் வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, பெருந்தொகையான உரிமையாளர் உறுதிகளோடு நீதிமன்றம் சென்றனர். 2017 ஜூலை 3ஆம் நாள் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரளவு நிலமும் விடுவிக்கப்பட்டன. அதற்குப் பின்னரும் மீளாத காணிகள் பல. இருபத்தேழு ஆண்டுகள் முகாமிலும் வாடகை வீட்டிலும் உறுதிக் கட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் அல்லவா? அந்தப் பொறுமைக்கு உள்ளே இருந்ததும் சினமே. வழக்கை விடாது பற்றிக்கொண்ட அந்தச் சினத்தைக் காட்டும் படம் ஒன்றேனும் வந்ததா?

ஆகவே நாம் வேண்டுவது இது. பழிவாங்கும் பெண்ணைக் காட்டும் படங்களைத் தடைசெய்க என்று கேட்கமாட்டோம். தடை எந்நாளும் ஆளுவோர் கைக்கருவி. பார்த்த படத்தை விசாரிக்கும் பழக்கத்தையே வேண்டுகின்றோம். வாசிகசாலையிலும், மாதர் சங்கத்திலும், பாடசாலையிலும் படம் பற்றிய பேச்சு எழும்போது சில கேள்விகளை எழுப்புவோம். இவள் எதைக் கேட்கின்றாள்? யாரிடம் கேட்டாள்? கேட்டபோது யார் செவி மூடினர்? அவள் கோபத்துக்கு யாருடைய கையொப்பம் வாங்கப்பட்டது? கதை முடியும்போது அவள் உயிரோடு, தன் பெயரோடு இருக்கின்றாளா? இவற்றை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேட்கப் பழகிவிட்டால், எந்த நட்சத்திரமும் அவளை ஏமாற்ற முடியாது. இப்பேச்சிலே ஆண்பிள்ளைகளும் அமரவேண்டும். கேட்கப் பழகவேண்டியவர்கள் அவர்களே.

அதே கேள்விகளை நம் வீட்டுக்கும் கட்சிக்கும் சட்டத்துக்கும் கொண்டுவருவோம். மனைவியின் சீதனக் காணிக்குக் கணவன் கையொப்பம் கேட்கும் விதியைத் தமிழ்ச் சட்டத்தரணிகளும் தமிழ்ப் பிரதிநிதிகளுமே முன்னின்று மாற்றக் கோரட்டும். தேசவழமை நம் தனித்துவத்தின் சின்னம் என்போர், அச்சின்னத்தின் சுமையைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது அறமாகாது. நம் உரிமையைக் கொழும்பு கேட்கவில்லை என்று முக்கால் நூற்றாண்டாக முறையிடும் நாம், நம் பெண்களின் முறையீட்டைக் கேளாதிருந்தால் நம் முறையீட்டின் வலிமை குன்றும்.

பாண்டியன் செய்த பிழை பெரிது. எனினும் அவனிடம் ஒரு மாண்பு இருந்தது. வாயிலில் ஒருத்தி தலைவிரி கோலமாக நிற்கின்றாள் என்று காவலன் நடுநடுங்கிச் சொன்னபோது, அவளை உள்ளே வரவிடுக என்றான். அவள் சொல்லி முடிக்குமளவும் கேட்டான். அந்த அளவுக்கேனும் நம் திரைப்படமும், நம் மன்றங்களும், நம் வீடுகளும் உயரட்டும். கேட்ட பின்னரே குளிர்த்தி. கேளாத ஊரிலே எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் தீ தணியாது.